வெள்ளிக்கிழமை கைவிட்டுப் போன மலை

என் மனைவிக்கு ஐந்து வருடம் ஒரு மலை இருந்தது. இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள், அதனால் சரியாகவே சொல்லிவிடுகிறேன். மலை அரசாங்கத்தினுடையது. அதற்குள் கிடக்கும் செம்பும் துத்தநாகமும் அரசாங்கத்தினுடையவைதான். அந்த மலையில், வரைபடத்தில் போட்ட நாலு மூலைக்குள், கல்லை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் முதல் உரிமை மட்டும் அவளுடையது. அதுவும் வருடா வருடம் கட்டணம் கட்டும்வரைதான். ஒஸ்லோவில் ரயில் ஏறி ஒரு பகல் முழுக்க வடக்கே போய், பிறகு பஸ் பிடித்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் அந்த இடம் வரும்.

நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான் பஸ் ஓட்டுகிறேன். அவள் நகரத்தில் அலுவலகங்கள் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். அவற்றில் ஒன்று, நிலத்தடியில் கனிமம் தேடும் சின்ன நிறுவனம். மூன்று கிழவர்கள், ஒரு கோப்பி இயந்திரம், சுவர் நிறையப் பெட்டிகள். அந்த நிறுவனத்தை மூடுவதென்று முடிவானபோது, பெட்டிகளில் இருந்த பழைய காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்ய ஆள் தேடினார்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. எட்டு வருடம் தூசி தட்டிய என் மனைவிக்குத் தெரியும். வேலை அவளுக்குக் கிடைத்தது.

மற்றவர்கள் என்றால் காகிதத்தை வைப்பார்கள், பொத்தானை அமத்துவார்கள், அடுத்ததை எடுப்பார்கள். இவள் வாசித்தாள். விளங்காத சொல்லை எழுதி வைத்து அந்தக் கிழவர்களிடம் கேட்டாள். ஒரு நாள் ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில், இந்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்டாள். திரும்பிப் போனதற்கு ஒரு குறிப்பும் இல்லை. கிழவர்களில் ஒருவரைக் கேட்டாள். அவர், "நல்ல இடம்தான், எங்களுக்குக் காசும் ஆளும் இல்லாமல் போய்விட்டது, உரிமையை விட்டுவிட்டோம்" என்றாராம். அப்படியானால் இப்போது யார் கேட்கலாம் என்று இவள் கேட்க, அவர் சிரித்துக்கொண்டு, "யாரும் கேட்கலாம், நீயும் கேட்கலாம்" என்றாராம். அவர் பகிடியாகச் சொன்னது. இவள் அன்று பின்னேரமே சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்துவிட்டாள்.

நான் சத்தம் போட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, நான் கொஞ்சம் முன்கோபக்காரன்.

"உமக்கென்ன விசரே? ஆரும் மலையைக் கட்டி மாரடிப்பினமே?"

"நீங்கள் கட்ட வேண்டாம். நான் கட்டுறன்," என்றாள்.

கட்டினாள். நாலு மூலைக்கும் அட்சரேகை தீர்க்கரேகை எண் போட்டாள், வரைபடம் இணைத்தாள், விண்ணப்பக் கட்டணம் அனுப்பினாள். உரிமைக் கடிதம் வந்த பிறகு வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது. அந்த மலையில் ஒரு கல்லைத் தட்டுவதற்கு மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்கு முன்னமே, அந்த நிலத்தைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நகரசபைக்கு ஒன்று. அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒன்று. மேலே கலைமான் மேய்க்கும் குடும்பத்துக்கு ஒன்று. கலைமான் குடும்பத்துக்கு மட்டும் அவள் கையால் எழுதினாள். எந்தக் கிழமையில் மான்கள் குட்டி போடும், நான் எப்போது வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று கேட்டு எழுதினாள். அவர்களும் பதில் எழுதினார்கள். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்தில் நான் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூட ஒரு கடிதம் எழுதியதில்லை.

கோடை விடுமுறைக்கு மற்றவர்கள் ஸ்பெயினுக்குப் போக, நாங்கள் மலைக்குப் போனோம். அவள் கல்லை உடைப்பாள், துணிப்பையில் போடுவாள், பைக்கு எண் எழுதுவாள், கல் எடுத்த இடத்தில் பாசியைத் திரும்ப மூடி வைப்பாள். நான் பையைத் தூக்குவேன், நுளம்பு அடிப்பேன், முறைப்பாடு சொல்வேன். சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த காசில் கற்களைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சனம் பேசாமல் இருக்குமா? என் மச்சான் அவளுக்கு மலைக்காரி என்று பெயர் வைத்தான். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் சென்னைப் பெடியன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன், லிஃப்டில் கண்டால், "அக்கா, கோல்டு கெடச்சா எங்களை மறந்துடாதீங்க" என்பான். அவள் அவனுக்கும் பொறுமையாக விளக்குவாள், அது தங்கமில்லை, செம்பு என்று.

மூன்றாம் வருடம் ஒரு பெரிய நிறுவனம் அதே இடத்துக்கு விண்ணப்பித்தது. இங்கே முறை எப்படியென்றால், முதலில் கேட்டவர் முதலாவது, பிறகு கேட்டவர் இரண்டாவது. இரண்டாவதாக நிற்பவர் முதலாமவரின் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு கல்லைக்கூடத் தட்ட முடியாது. முதலாமவர் விட்டால் இரண்டாமவர் தானாக முன்னுக்கு வருவார். அந்த நிறுவனத்துக்குத் துறைமுகப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் அலுவலகம். என் மனைவிக்கு எங்கள் சாப்பாட்டு மேசை. ஆனால் வரிசையில் அவள் முன்னே, அவர்கள் பின்னே. அவர்கள் ஒரு முறை சம்மதம் கேட்டு மரியாதையாகக் கடிதம் எழுதினார்கள். அவள், "இன்ன மூலையில் இரண்டு கிழமை பார்க்கலாம், முடிவுகளின் பிரதி எனக்கு வரவேண்டும்" என்று பதில் எழுதினாள். பிரதி வந்தது. அந்தக் கடித உறையை நான் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் மாடியில் அவள் ஒரு காலத்தில் குப்பைக்கூடை எடுத்திருக்கவும் கூடும். அன்று எனக்கு அவளையும் பிடித்தது, இந்த நாட்டையும் பிடித்தது.

ஐந்தாம் வருட முடிவில் அவர்களிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பெப்ரவரியில் உட்கார்ந்து பேசலாம், ஓர் உடன்பாட்டுக்கு வரலாம் என்று. காசு எவ்வளவு கேட்கலாம் என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன். அவள் தன் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதியிருந்தாள். முதலாவது நிபந்தனை, கோடையில் அந்த மலையில் வேலை செய்யும் குழுவில் தானும் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்பது. அதன் கீழே வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. அவளுக்கு ஐம்பத்து நாலு வயது, பட்டம் இல்லை, கையில் எண்ணிட்ட கற்களும் முதலாம் இடமும் மட்டும் இருந்தன. முதலாம் இடம் இருக்கும்வரை அவர்கள் அவளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆண்டுக் கட்டணத்துக்கு ஜனவரி பதினைந்து கடைசித் தேதி. வருடம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஒன்றும் செய்யாமல் மலையைப் பிடித்து வைத்திருப்பவனுக்குக் கையைக் கடிக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு வருடமும் பில் வந்த அன்றே கட்டிவிடுவாள். அந்த வருடம் முகக்கவசக் காலம். நத்தார், கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க அவளுக்குப் பித்தப்பையில் வலி. ஜனவரி நடுவில் சத்திரசிகிச்சைக்குத் திடீரென்று நாள் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை போக வேண்டும். திங்கள் பின்னேரம் வலியோடு உடுப்புப் பை அடுக்கிக்கொண்டிருந்தவள், பில்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கே கட்டிப்போடுங்கோ. பதினைஞ்சு கடைசி."

"ஓம்," என்றேன்.

என் ஓம் எந்த மாதிரியான ஓம் என்று அவளுக்குத் தெரியும். வலி அவளை அதற்கு மேல் கேட்க விடவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குத் தேருக்கும் திருவிழாவுக்கும் போவேன், சாத்திரக்காரரைக் கண்டால் வாயைக் கிளறுவேன். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காசை வெளியில் விடமாட்டேன். இன்டர்நெட் வங்கி வந்த பிறகும் விடமாட்டேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். செவ்வாய்க்கிழமை அவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டேன், என்னை உள்ளே விடவில்லை. அன்று செவ்வாய் என்பதால் பில்லைத் தொடவில்லை. புதன்கிழமை சத்திரசிகிச்சை. நாள் முழுக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பில் என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. வியாழக்கிழமை தைப்பொங்கல். தனியே நின்று அடுப்பில் பால் பொங்க வைத்தேன். தை முதல் நாள், இலட்சுமி வரும் நாள், அன்றைக்கு யாராவது காசை வெளியே அனுப்புவார்களா? அடுத்த நாள் வெள்ளி.

அதோடு எனக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. நோர்வேயில் எந்தப் பில்லும் பிந்தினால் முதலில் பூரிங் வரும். பூரிங் என்றால் நினைவூட்டல் கடிதம், சில்லறைத் தண்டம் ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். மின்சாரத்துக்கு வரும், தொலைபேசிக்கு வரும், பல் வைத்தியரிடமிருந்தும் வரும். பூரிங் வராமல் இந்த நாட்டில் எதுவும் கைவிட்டுப் போகாது என்றுதான் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விளக்கு வைத்தேன். பில் மேசையில் கிடந்தது. நாளை விடியக் கட்டலாம் என்று அதன் மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தொலைபேசி எடுத்தாள். குரல் மெலிந்திருந்தது.

"சாப்பிட்டீங்களே?"

"ஓம். நீர்?"

"சூப் தந்தவை. மலைக்காசு கட்டியாச்சுதானே?"

"நாளைக்கு விடியக் கட்டுறன்."

"இண்டைக்குப் பதினைஞ்சு," என்றாள்.

"ஓமப்பா. இண்டைக்கு வெள்ளிக்கிழமையுமெல்லே. விளக்கு வைச்சிட்டு ஆர் காசை வெளியிலை விடுவினம்? ஒரு நாள்தானே. பிந்தினால் பூரிங் அனுப்புவாங்கள், அந்தச் சில்லறையையும் சேர்த்துக் கட்டுவம்."

"இதுக்குப் பூரிங் இல்லை," என்றாள். "இண்டைக்குப் போய்ச் சேராட்டில் முடிஞ்சுது. இப்ப கட்டுங்கோ. போனை வைக்காதேங்கோ, நான் நிக்கிறன்."

வங்கிப் பக்கத்தைத் திறந்து, எண்களை அடித்து, ஒரு எண்ணைப் பிழையாக அடித்து, திரும்ப அடித்தேன். கடைசியில் திரையில், பணம் போய்ச் சேரும் நாள் திங்கட்கிழமை என்று காட்டியது. அன்றைய வங்கி நேரம் முடிந்திருந்தது.

"என்ன காட்டுது?"

"திங்கள்."

"சரி," என்றாள். "ஊசி போட வருகினம். வைக்கிறன்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் கத்தி முடித்திருப்போம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கஞ்சி குடித்தாள், மருந்து குடித்தாள், படுத்தாள். நான் தேவையில்லாமல் ஜன்னல் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானாகவே போய்க் கட்டிலடியில் நின்றேன். அவள் ஒரு வசனம்தான் சொன்னாள்.

"பிழை என்னிலை. உங்களைத் தெரிஞ்சுகொண்டும் உங்களிட்டைத் தந்தனான்."

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, உரிமைகளைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓர் அதிகாரி பேசினார், அமைதியான குரல். நான் ஆஸ்பத்திரியைச் சொன்னேன், தொற்றைச் சொன்னேன், வங்கியைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் இடையில் பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்கள் மனைவியின் காகிதங்களை ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். அவரைப்போல ஒழுங்காக அனுப்புபவர்கள் குறைவு. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஆனால் உரிமை வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது."

எனக்குக் கொதித்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்கள் மனிதர்களா என்று கேட்டேன். நோர்வே மொழியில் எனக்குத் தெரிந்த கடுமையான சொற்களில் பாதியைச் செலவழித்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இன்று உங்களுக்கு ஒரு நாள் தந்தால், பின்னால் நிற்கும் நிறுவனம் தவறவிடும் நாளில் அவர்களுக்கும் தரவேண்டும். அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஒரு நாளை ஒரு மாதமாக்குவார்கள். உங்கள் மனைவியிடம் இந்தத் தேதி மட்டும்தான் இருக்கிறது. இத்தனை வருடம் அவரை முன்னால் வைத்திருந்தது இந்தத் தேதிதான்," என்றார்.

நான் தொலைபேசியைப் பட்டென்று வைத்தேன். ஜன்னலடியில் போய் நின்றேன். கீழே பனி தள்ளும் இயந்திரம் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. அது பாதையை ஒரு தரம் தள்ளி முடிக்கும் முன்னமே அந்த மனிதர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அந்த வெட்கம் உண்டு.

அவள் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து கதிரையில் இருந்தாள்.

"மலைக் காகிதங்கள் இருக்கிற அந்தச் சிவப்புக் கோப்பை எடுங்கோ. மடிக்கணினியையும் எடுங்கோ."

"என்னத்துக்கு?"

"என்ரை உரிமை முடிஞ்சால் ஒரு வருஷத்துக்கு நான் அந்த இடத்துக்குத் திரும்பக் கேக்க ஏலாது. நீங்கள் கேக்கலாம்."

"எனக்கேன் மலை?"

"உங்களுக்கில்லை. வரிசையிலை எங்கடை ஆள் ஒண்டு நிக்கவேணும்."

தையல் பிரியாத வயிற்றோடு, தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு, நாலு மூலையின் எண்களையும் கோப்பைத் திறக்காமலே சொன்னாள். நான் அடித்தேன். மூன்று தரம் பிழை விட்டேன், மூன்று தரமும் திருத்தினாள். அப்படித்தான் கல்லுக்கும் மண்ணாங்கட்டிக்கும் வித்தியாசம் தெரியாத நான், நிறுவனத்துக்கு அடுத்தபடியாக, அந்த மலைக்கு இரண்டாம் ஆளானேன்.

பெப்ரவரிக் கூட்டம் நடக்கவில்லை. இனி உடன்பாடு தேவைப்படாது என்று நிறுவனம் இரண்டு வரியில் எழுதியது. நான் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் வாங்கி, துளை போட்டு, கோப்பில் வைத்தாள்.

"நானெண்டாலும் இதைத்தான் எழுதியிருப்பன்," என்றாள்.

உரிமை முடிந்தால் அங்கே கண்டதை எல்லாம் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அவள் இரண்டு மாதம் இருந்து எழுதினாள். எந்தக் கல், எந்த இடம், எவ்வளவு ஆழம், பரிசோதனை முடிவு என்ன, எல்லாம். தான் வீணாக உடைத்த கற்களையும் எழுதினாள், அடுத்து வருபவர் அங்கே நேரத்தை வீணாக்கக் கூடாதாம். அடுத்து வருபவர் யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐஞ்சு வருஷ உழைப்பைச் சும்மா தூக்கிக் குடுக்கிறீரே! பாதியை விட்டுட்டு எழுதும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"உமக்கு நோகேல்லையே?"

"நோகுது. ஏன் நோகாது? அதுக்காகக் கள்ளக் கணக்கு எழுதுறதே?"

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பெண்ணை எனக்கு முழுதாகத் தெரியவில்லை என்று அன்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. என் மூளை முதலில் ஓடியது மறைப்பதற்கு. அவளுக்கு அந்தப் பக்கம் வழியே இல்லை.

ஒரு வருடத் தடை முடிந்த அன்றைக்கு அவளும் விண்ணப்பித்தாள். இப்போது நிறுவனம் முதலாவது, நான் இரண்டாவது, அவள் மூன்றாவது. என் கட்டணத்தை நான் பில் வந்த அன்றே கட்டி, ரசீதைப் படம் பிடித்து, அடுத்த அறையில் இருந்த அவளுக்கு அனுப்பினேன். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

அந்தக் கோடையில் மலையைப் பார்க்க வேண்டும் என்றாள். நடப்பதற்கு இந்த நாட்டில் யாருடைய சம்மதமும் வேண்டாம், எந்த மலையிலும் நடக்கலாம். உடைக்கத்தான் கூடாது. சுத்தியலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். ஏறும்போது ஒவ்வொரு பாறையருகிலும் நின்று, இது பதினேழு, இது இருபத்திரண்டு என்று எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போய்த் தொடாமல் நிற்பவளைப்போல இருந்தது. நான் பின்னால் பையோடு ஏறினேன். ஒரு பொத்தானை அமத்தியிருந்தால் போதும். செவ்வாய்க்கிழமை அமத்தியிருக்கலாம், பொங்கலன்றைக்குக்கூட அமத்தியிருக்கலாம்.

மேலே ஒரு பெண் தனியே வேலை செய்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், முழங்கால்வரை சேறு. நிறுவனத்தின் புவியியலாளர். அவள் கையில் மழை படாத உறைக்குள் ஒரு தாள்கட்டு இருந்தது. கிட்டப் போனதும் எனக்கே தெரிந்தது, அது என் மனைவி எழுதிய அறிக்கை. என் மனைவி தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தாள், கொடுத்த கையை விடவே இல்லை.

"நாங்கள் உங்கள் எண்களைத்தான் பயன்படுத்துகிறோம். புது எண் போட மனம் வரவில்லை," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "முப்பத்தெட்டு மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன்," என்றாள்.

சொல்லாதே என்று எனக்குள் ஒருவன் கத்தினான். என் மனைவி ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள். ஓடைக்கு மேலே ஒரு சரிவில் குந்தியிருந்து, பாசியைக் கம்பளம் விலக்குவது மாதிரி விலக்கினாள். பாறையில் அவள் பழைய வெட்டு தெரிந்தது. அந்தப் பெண் தன் சுத்தியலை நீட்டினாள். "நீங்களே உடையுங்கள்," என்றாள்.

என் மனைவி சுத்தியலை வாங்கவில்லை. "முதலாம் உரிமை உங்களுடையது. உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும்," என்றாள். என்னைக் காட்டி, "இவர் இரண்டாவது. இவருடைய பெயரையும் போடுங்கள். நான் மூன்றாவது," என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கப் போனாள். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. தன் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். பிறகு குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளில் எழுதினாள். இன்ன இடத்தில், இன்றைக்கு, ஒரு கல் உடைக்கச் சம்மதம். கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தாள். என் மனைவி அதை வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரே தட்டில் உடைத்தாள். உள்ளே பச்சையும் மஞ்சளும் கலந்து மினுங்கியது. ஐந்து வருடமாக அந்த நிறத்துக்குத்தான் நாங்கள் ஏறி இறங்கியிருக்கிறோம்.

அந்தப் பெண் கல்லைப் பைக்குள் போட்டபடி கேட்டாள்: "ஒன்று கேட்கலாமா? எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் புதிர் இது. இவ்வளவு ஒழுங்கான ஆள், கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏன் கட்டவில்லை?"

ஆஸ்பத்திரியைச் சொல்லலாம். வங்கியைச் சொல்லலாம். என்னைக் கைகாட்டலாம், அதற்கு அவளுக்கு முழு உரிமையும் இருந்தது.

"உரிமை என் பெயரில் இருந்தது," என்றாள் என் மனைவி. "கட்ட வேண்டியவள் நான். கட்டவில்லை."

அவ்வளவுதான் சொன்னாள். பாசியை எடுத்துப் பாறையின் மேல் திரும்ப மூடத் தொடங்கினாள்.

நான் பையைக் கீழே வைத்தேன். என் நோர்வே மொழி பயணிகளிடம் பேசுவதற்குப் போதுமானது, இதற்குப் போதாது. ஆனாலும் சொன்னேன். "அவள் என்னிடம் தந்தாள். நான்தான் கட்டவில்லை. நான்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். என் மனைவி நிமிரவில்லை. பாசியின் ஓரங்களை விரலால் அமத்தி முடித்த பிறகுதான் என் பக்கம் கையை நீட்டினாள்.

"பிடிச்சுத் தூக்கி விடுங்கோ," என்றாள். "முழங்கால் பிடிச்சிட்டுது."